புதுப் பாடகி

தென் ஆஸ்திரேலியாவில், வையல்லா ஊரில் லைல் பெத்தரிக் என்றால் சிலருக்குத்தான் தெரியும். 'மணி அடித்தால் வெளியே போவாரே, அவர்' என்றால் பாதி ஊருக்குத் தெரியும். அவர் என் அப்பா. இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர். இந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். நான் ஜெனெல், அவருடைய ஒரே மகள். அடிலெய்டில் மருத்துவமனைக் கருவிகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது என் வேலை. எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மணி விஷயம்.

1980 பிப்ரவரியில் ஏசி டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவின் பாடகர் இறந்தார். சில மாதங்களிலேயே குழு வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு, கறுப்பு உறை போட்ட ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. உலகமே அதை வாங்கியது. அப்பா வாங்கவில்லை. பாடகர் செத்தால் குழு கலைய வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தத் தட்டு மணியோசையில் தொடங்கும். மெதுவாக, இடைவெளி விட்டு அடிக்கும் மணி. முதல் அடியிலேயே அப்பா கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைப்பார். கிட்டார் தொடங்குவதற்குள் கதவைத் தாண்டியிருப்பார். பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். மதுக்கடையோ, மீன்பிடிச் சங்கமோ, யார் வீட்டுப் பிறந்தநாளோ, எல்லா இடத்திலும் அதே கதை. ஜனவரி வெயிலில் தார் உருகும் கார் நிறுத்தத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். தூசிக்காற்று அடித்தாலும் நிற்பார்.

ஊருக்கு இது விளையாட்டாகிவிட்டது. பாட்டுப் பெட்டியில் காசு போட்டு அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் எழுந்ததும் கைதட்டுவார்கள். முதல் சில வருடம் அவர் கோபத்தில் எழுந்தார். பிறகு ஊருக்காக எழுந்தார் என்று நினைக்கிறேன்.

அவருக்கு இரண்டு நண்பர்கள். டூகி ஸ்ட்ராகன், சிறுவயதில் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், ஆலையில் வெல்டர். விளாடோ க்ரிஸ்மானிச், உலைப் பகுதியில் மேற்பார்வையாளர், பெற்றோர் குரோவேஷியாக்காரர்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இருவரும் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்துவிடுவார்கள். அங்கே கார் கிடையாது. இசைத்தட்டுகள், பழைய சோபா, பியர் வைக்கிற குளிர்பெட்டி, அவ்வளவுதான். ஆளுக்குத் தட்டின் ஒரு பக்கம் போடுவார்கள். ஊசி இறங்கிவிட்டால் யாரும் பேசக்கூடாது. பக்கம் முடியாமல் யாரும் ஊசியைத் தூக்கவும் கூடாது. தட்டைத் திருப்புகிற நேரத்தில்தான் சண்டை.

"உன் ஆளே ரெண்டாவது பாடகர்தாண்டா," என்பார் டூகி. "அவருக்கு முன்னாடி ஒருத்தன் பாடிட்டுப் போயிருக்கான். அத மட்டும் மறந்துருவியா?"

"அது கணக்குல வராது," என்பார் அப்பா.

"ஏன் வராது?"

"அவன் சாகல, போனான். போறது வேற, சாகறது வேற."

"என் டீப் பர்பிள்ல எத்தன பேரு வந்தான், எத்தன பேரு போனான்? ரெண்டாவதா வந்தவன்தான் ராஜா. அவனும் போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான், மறுபடியும் வந்தான். எவனாச்சும் அழுதானா?"

"அது பேண்ட் இல்லடா. பஸ் ஸ்டாண்டு."

விளாடோ சோபாவின் மூலையிலிருந்து கையை உயர்த்துவார். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. பாட்டுன்னா கோல்ட் சிசல். நம்ம அடிலெய்டுல தொடங்குன பசங்க. ஷிஃப்ட் முடிச்சு வர்றவனுக்குன்னு பாடுனாங்க. ஒத்து வரல, கலைஞ்சாங்க. மரியாதையா வீட்டுக்குப் போனாங்க."

"வீட்டுக்குப் போனவங்க அப்புறம் எத்தன தடவ ஒண்ணு சேந்து டிக்கெட் வித்தாங்க, அதையும் சொல்லு," என்பார் டூகி.

"ரசிகருங்க கேட்டாங்க. என்ன பண்ணுவாங்க பாவம்."

ஒரே இரவைப் பற்றி மூன்று விதமாகவும் பேசுவார்கள். எழுபதுகளின் நடுவில் மூவரும் விளாடோவின் வேலியன்ட் காரில் அடிலெய்டு போய், ஒரு மதுக்கடையில் பழைய பாடகர் இருந்தபோதே ஏசி டிசியைக் கேட்டார்களாம். அப்பா கணக்கில் அவர்கள் இரண்டாம் வரிசை. டூகி கணக்கில் கழிவறைக்குப் பக்கத்தில், கடைசி. விளாடோ மட்டும் தலையை ஆட்டுவார்.

"உள்ளேயே போகல. இவன் ரப்பர் செருப்பு போட்டுட்டு வந்தான். வாசல்ல நின்னவன் விடல. சந்துல நின்னு செவுத்து வழியாக் கேட்டோம்."

"நான் அன்னைக்கு பூட்ஸ் போட்டிருந்தேன்," என்பார் அப்பா.

"செருப்பு. நீல வாரு. ஒண்ணு வேற அறுந்திருந்துச்சு."

யார் சொன்னது உண்மை என்று எனக்கு இன்றும் தெரியாது. மூன்று பேரும் சொல்லும்போது மூன்றும் உண்மையாக இருந்தன.

என் அம்மா கோரல் 1992இல் புற்றுநோயில் இறந்தார். எனக்குப் பதினொரு வயது. அடக்கம் முடிந்து எல்லோரும் கிளப்பில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆலையிலிருந்து வந்த ஒருவர் ஆறுதலாக, "உனக்கு இன்னும் வயசிருக்கு லைல், வேற ஒருத்தி வருவா" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை.

"பாடகி போயாச்சு. பேண்ட் முடிஞ்சுபோச்சு."

இரண்டு பெண்கள் அழுதார்கள். அந்த வார ஷிஃப்டுகள் எல்லாவற்றிலும் அந்தப் பேச்சுதான். அவர் வாழ்நாளில் சொன்னவற்றில் மிகச் சிறந்த வாக்கியம் அது. சொன்னபோது முப்பத்தெட்டு வயது. மீதி வாழ்க்கை முழுவதும் அதற்குள்தான் இருந்தார். அதிலிருந்து வெளியே வர ஒரு கதவுகூட அவர் வைத்துக்கொள்ளவில்லை.

க்ளெனிஸ் ஹாஸ்கெட் வந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு. பக்கத்து ஊரான போர்ட் ஆகஸ்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். விவாகரத்தானவர். படகுத்துறையில் கணவாய் பிடிக்கும்போது இருவரின் தூண்டில் கயிறுகளும் சிக்கிக்கொண்டன. பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனதாம். அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் போய் நின்றார்களாம். அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. க்ளெனிஸ்தான் பிறகு சொன்னார்.

ஆரம்பத்தில் அவர் வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அப்பாவின் 'தோழி' என்ற பெயரில். முதல் நாளே கையில் ஒரு தட்டோடு வந்தார். ஃப்ளீட்வுட் மேக்.

டூகி உறையைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "இது பல் டாக்டர் ஆஸ்பத்திரியில போடுற பாட்டாச்சே."

"முதல்ல இந்த பேண்ட்ல யாரு இருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் க்ளெனிஸ்.

"இங்கிலீஷ் பசங்க. ப்ளூஸ் வாசிச்சாங்க. அது நல்ல பேண்ட்."

"அத எத்தன பேரு கேட்டாங்க? அந்தப் பசங்க போயி, ரெண்டு புது ஆளு வந்த பிறகுதான் உலகமே கேட்டுச்சு. ஆளு மாறுனா பேண்ட் செத்துரும்னு எவன் சொன்னான்?"

டூகியும் விளாடோவும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த நான் கதவருகே நின்றிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

அப்படியே போயிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

2006இல் எனக்குக் கல்யாணம். விருந்து கால்பந்துச் சங்க அரங்கில். க்ளெனிஸை அப்பா தன் மேசையில் உட்கார வைக்கவில்லை. ஆலைக்காரர்களோடு உட்கார வைத்தார். நடனம் சூடுபிடித்த நேரத்தில் பாட்டுப் போடுகிறவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மணி அடித்தது. அரங்கம் முழுவதும் ஓவென்று கத்தியது. அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குக் கையசைத்துவிட்டு வெளியே நடந்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அவர் பின்னாலேயே க்ளெனிஸ் எழுந்து போனார். வெளியே குளிர், க்ளெனிஸ் கையில் அப்பா வைத்துவிட்டுப் போன பியர் இருந்தது, அவ்வளவுதான்.

டூகி நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்.

"பாருங்கடா! லைலுக்குப் புதுப் பாடகி வந்தாச்சு!"

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. டூகியின் மனதில் விஷம் எதுவும் இல்லை. க்ளெனிஸை அவருக்குப் பிடிக்கும். நல்ல நகைச்சுவை ஒன்று வாயருகே வந்தால் அதை விழுங்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். ஆனால் சொல் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை கிரேனுக்குக் கீழே நின்றவர்கள், "புதுப் பாடகி நல்லாப் பாடுதா லைல்?" என்று கேட்டார்கள். கடையில் கேட்டார்கள். பெட்ரோல் போடுமிடத்தில் கேட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை க்ளெனிஸ் ஷெட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அப்பா அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உறவு முறியவில்லை. பின்சந்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். செவ்வாய், சனி க்ளெனிஸ் காரை ஓட்டி வந்து சந்தில் நிறுத்திவிட்டுப் பின்கேட்டைத் தட்டுவார். அப்பா தாழ்ப்பாளைத் திறப்பார். சில நாள் அவர் காரில் இருவரும் எங்காவது போவார்கள். ஊருக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பது அப்பாவுக்கு அவர்கள் காட்டிய கருணை. அதில் அவருக்கு மூச்சுமுட்டியது.

ஒருமுறை நேராகவே கேட்டேன்.

"அவங்கள இங்கயே வந்து இருக்கச் சொல்லேன்பா."

"ஊரு சிரிக்கும்."

"ஒரு வாரம் சிரிக்கும். அப்புறம் மறந்துரும்."

"மணி விஷயத்த மறந்துச்சா?"



பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு அப்பாவின் நுரையீரல் இறுகத் தொடங்கியது. இளம் வயதில் சுவாசித்த கல்நார்த் தூசு. அதற்கு மருந்தில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்று வீட்டுக்கு வந்தது. நானே நடைவழியில் வைத்துச் சரிபார்த்தேன். அதிலிருந்து மெல்லிய நீளக் குழாய் போய் அவர் மூக்கில் முடியும். குழாய் படுக்கை வரை எட்டியது. சமையலறை, குளியலறை எட்டியது. பக்கக் கதவு வழியாக ஷெட்டில் அவர் நாற்காலி வரை எட்டியது. ஷெட்டின் வாசலுக்கு எட்டவில்லை. பின்கேட்டுக்கும் எட்டவில்லை.

"இன்னொரு குழாய் சேத்துப் போடு," என்றார்.

"நீளம் கூடக்கூட உனக்கு வர்ற அளவு குறையும்பா. இதுக்கு மேல கூடாது."

"கொஞ்சந்தானே?"

"வெளிய போறதுக்குச் சின்ன சிலிண்டர் இருக்கு. அத எடுத்துட்டுப் போ."

"அது டாக்டர்கிட்டப் போறதுக்கு. அத முதுகுல மாட்டிக்கிட்டு முற்றத்துல நடக்கணுமா? நான் என்ன முத்துக் குளிக்கவா போறேன்?"

அவர் எதற்காகக் கேட்டார் என்பது மறுநாள் சனிக்கிழமை புரிந்தது. பின்கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்பா பின்வாசல் வரை போனார். குழாய் இழுத்தது. நின்றார். அங்கிருந்து கேட்டுக்கு முழு முற்றமும் இருந்தது. சிலிண்டர் அலமாரியில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு க்ளெனிஸ் முன்னால் நிற்க அவர் தயாராக இல்லை. நான் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

அன்று மாலை, க்ளெனிஸ் போன பிறகு, முன்வாசல் சாவி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"எதுத்த வீட்டுல யாரு குடியிருக்கா? டூகி மருமக."

"அதனால?"

"அவ சன்னல்லயே உக்காந்திருப்பா."

நான் மாதம் இரண்டு முறை வந்தேன். நான் இருக்கும் நாளில் மட்டும் பின்கேட் திறந்தது. மற்ற நாளில் இருவரும் தொலைபேசியில் பேசினார்கள். க்ளெனிஸ் சில சமயம் சந்தில் காருக்குள் உட்கார்ந்தபடியே அவரை அழைத்துப் பேசியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நடுவில் ஒரு தகர வேலி மட்டும்.

அப்பாவின் பிறந்தநாள் மே மாதக் கடைசியில். இந்த வருடம் வெள்ளிக்கிழமையில் வந்தது. பிறந்தநாளன்று டூகி அந்தக் கறுப்பு உறைத் தட்டைக் கொண்டுவந்து போடுவதும், அப்பா எழுந்து வெளியே போவதும், அன்று மட்டும் முதல் பாட்டோடு ஊசியைத் தூக்கிவிட்டு எல்லோரும் வாழ்த்துப் பாடுவதும் முப்பது வருடப் பழக்கம். கேக் வெட்டுவதுபோல் அதுவும் ஒரு சடங்கு. நான் இறைச்சி அடைத்த பாஸ்டிகளைச் சூடுபடுத்திக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தேன். டூகி அப்போதுதான் ஊசியை இறக்கிவிட்டுச் சிரித்தபடி நிமிர்ந்தார்.

மணி அடித்தது.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். இரண்டடி வைத்தார். குழாய் காதுகளைப் பிடித்து இழுத்தது. தலை பின்னால் சாய்ந்தது. கதவு முன்னால் திறந்துதான் இருந்தது.

டூகியின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது. "ஐயோ. லைல், நான் மறந்தே போயிட்டேன்டா. பழக்கத்துல..." என்று ஊசியைத் தூக்கக் குனிந்தார்.

"கையை எடு," என்றார் அப்பா.

"எடுத்துர்றேன்டா."

"கையை எடுன்னேன். பக்கம் முடியட்டும்."

அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நாங்கள் மூவரும் நின்றோம். விளாடோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்தது வந்தது. அப்பா வெளியே நின்றதெல்லாம் முதல் பாட்டுக்கு மட்டும்தான். மற்றவற்றை அவர் சுவர் வழியாகக்கூடக் கேட்டதில்லை. முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்து, விசாரணைக்கு வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். இயந்திரம் நடைவழியில் விட்டுவிட்டு மூச்சு விட்டது. பாஸ்டிகள் ஆறின.

ஊசி கடைசி வளையத்தில் சுற்றத் தொடங்கியதும் டூகி அதைத் தூக்கினார்.

"மன்னிச்சிருடா."

அப்பா காதில் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாருக்கா?" விளாடோதான் கேட்டார்.

"பழையவன் மாதிரி இல்ல."

"அது தெரிஞ்சதுதானே."

"கிட்டார் பரவால்ல." கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "எனக்குப் புடிக்கல. ஆனா எந்திரிச்சு வெளிய போற அளவுக்கு இதுல ஒண்ணுமே இல்லடா."

டூகி அழுதார். அந்த முரட்டு மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா அவருக்கு ஒரு பாஸ்டியை எடுத்துக் கொடுத்தார். "தின்னு. ஆறிப்போச்சு," என்றார்.

மறுநாள் காலை பின்கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் திறக்கப் போனேன். அப்பா பின்வாசலுக்கு வந்து, குழாய் எட்டுகிற இடத்தில் நின்றார். க்ளெனிஸ் கேட்டுக்குள் வந்தார். கையில் ஏதோ பாத்திரம்.

"அங்கயே நில்லு," என்றார் அப்பா. "முதல்ல நான் சொல்றதக் கேளு. இங்கயே வந்துரு."

க்ளெனிஸுக்கு உடனே புரியவில்லை. "எங்க?"

"இங்க. வீட்டுக்கு. உன் சாமான எல்லாம் எடுத்துட்டு."

க்ளெனிஸ் பாத்திரத்தைத் துணி துவைக்கிற தொட்டிமேல் வைத்தார். நான் உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் வழியை அப்பா மறித்துக்கொண்டு நின்றார். குழாய் கதவின் குறுக்கே கிடந்தது.

"ஜெனெல் கல்யாணம் முடிஞ்ச வாரமே கேட்டிருக்கணும் நீ," என்றார் க்ளெனிஸ்.

"இப்பக் கேக்கறேன்ல."

"இப்ப உனக்கு ஆள் வேணும், லைல். அப்ப எனக்கு வேண்டியிருந்துச்சு. அப்ப நான் சந்துல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்."

"நர்ஸ் வேலைக்குக் கூப்பிடல."

"தெரியும். ஆனா வந்தா அந்த வேலதான். அதச் செய்ய மாட்டேன்னு இல்ல. ஆனா அப்பிடி வர மாட்டேன்."

அப்பா கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம வர்றேன்," என்றார் க்ளெனிஸ். "முன்வாசல் வழியா. அவனுங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கும்போது. நீ கதவத் திறந்து, 'க்ளெனிஸ் வந்துட்டா'ன்னு சத்தமாச் சொல்லணும். 'தோழி'ன்னு சொல்லக் கூடாது. அப்புறம் மத்ததப் பாக்கலாம்."

"முன்வாசலுக்குக் குழாய் எட்டும்," என்றேன் நான். அது மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

"சரி," என்றார் அப்பா.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வீட்டில் இல்லை. புதன் காலை காய்ச்சல். நோய்த்தொற்று இரண்டு நுரையீரலிலும் பரவிவிட்டது. ஆம்புலன்சில் சிறிய சிலிண்டரோடு மருத்துவமனைக்குப் போனார். முகத்தை மூடிய ஆக்சிஜன் முகமூடி. அதற்குள்ளிருந்து பேச முடியாது. எழுத வலுவில்லை. திரையில் எண்கள் இறங்கின. அவை என்ன எண்கள், எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து எந்தப் பயனும் இல்லை. க்ளெனிஸ் வந்தார். நர்ஸ், "நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார். க்ளெனிஸ் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. கை போர்வைக்கு மேல் எழுந்து, முகமூடி வரை வந்து, விழுந்தது. நர்ஸ் அவர் முகமூடியைக் கழற்றப் பார்க்கிறார் என்று நினைத்து வாரை இறுக்கினார்.

சனிக்கிழமை மதியம் இறந்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள் டூகியும் விளாடோவும் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பாட்டோடு சவப்பெட்டி வெளியே போக வேண்டும் என்று தகராறு.

"பழைய பாடகர்தான். வேற பேச்சே இல்ல," என்றார் டூகி.

"அவர் பாட்டுல எதப் போட்டாலும் சர்ச்ல பாதிரியார் ஓடிருவாரு. சிசல்ல ஒரு மெதுவான பாட்டு இருக்கு, அதப் போடு."

"அவன் சிசலக் கேட்டு ஒரு நாளாச்சும் தலைய ஆட்டியிருக்கானா?"

"உன் பர்பிளுக்கு ஆட்டுனானா?"

முன்கதவை யாரோ தட்டினார்கள். டூகி எழுந்து போய்த் திறந்தார். க்ளெனிஸ். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டூகி தொப்பியைக் கழற்றினார். வீட்டுக்குள் அவர் தொப்பி போட்டிருந்ததே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததுபோல.

"க்ளெனிஸ் வந்துட்டா," என்றார் உள்ளே பார்த்து. வெறும் தகவலாகத்தான் சொன்னார். பின்வாசலில் க்ளெனிஸ் அப்பாவிடம் கேட்டது அவருக்குத் தெரியாது. க்ளெனிஸ் ஒரு கணம் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் தேநீர் போடத் திரும்பிவிட்டேன்.

அவர் உட்கார்ந்ததும் விளாடோ கேட்டார். "நீயே சொல்லு க்ளெனிஸ். உன் வண்டியில எல்லா இடமும் போவீங்களே. அப்ப எந்தப் பாட்டக் கேப்பான்? அதப் போட்டுரலாம்."

"எதுவும் கேக்க மாட்டாரு."

"எதுவும்னா?"

"ரேடியோவத் தொட விட மாட்டாரு. முதல் நாளே நிறுத்திட்டாரு. இத்தன வருஷத்துல ஒரு பாட்டுக்கூட என் வண்டியில ஓடல."

டூகி நம்பவில்லை. "அவனா? வண்டியில பாட்டு இல்லாமலா?"

"வெள்ளிக்கிழம ஒரு நாளே போதும்னுவாரு."

விளாடோ கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். டூகி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அவ்வளவு தூரமும் என்னதான் பண்ணுவீங்க?"

"பேசுவோம்."

"அவனா பேசுவான்?"

"வாய மூடவே மாட்டாரு. கோரலப் பத்தி. ஜெனப் பத்தி. கிரேன் மேலருந்து பாத்தா கடல் எப்பிடி இருக்கும்னு. பொண்ணு கல்யாணத்தன்னைக்கு அந்த மணிப் பாட்டப் போடச் சொன்னது யாருன்னு கண்டுபுடிச்சாரு, ஆனா கடைசி வரைக்கும் எங்கிட்டக்கூடச் சொல்லல. உங்க ரெண்டு பேரையும் பத்தி நெறையச் சொல்லுவாரு."

டூகியின் காது சிவந்தது. "என்ன சொல்லுவான்?"

"அத நாளைக்கு சர்ச்ல சொல்றேன்," என்றார் க்ளெனிஸ். "பாட்டு வேணாம். நான் பேசறேன்."

டூகி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். விளாடோ ஏற்கெனவே தன் நாற்காலியை நகர்த்தி, மேசையின் நடுப்பக்கம் க்ளெனிஸுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார்.